பீச்சாங்கைக் கத்தி

வில்லியனூர் மார்க்கெட்டில் அமிர்தத்தின் இலைக்கடை எது என்று கேட்டுப் பாருங்கள். "கத்திக்காரம்மா கடையா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த அமிர்தம் நான்தான். விற்பது வாழையிலை. கத்தியை வாங்குவதோடு சரி, விற்றதே இல்லை. இன்றைய தேதிக்கு முப்பத்தொன்று இருக்கிறது, அத்தனையும் மடக்குக் கத்தி.

காலையில் குளித்துப் புடவை கட்டியதும் இடுப்பில் சுருக்குப்பையைச் செருகுவேன். அதில் சில்லறையும் இரண்டு கத்தியும் இருக்கும். ஒன்று, தினமும் வேலை செய்கிற கத்தி. மற்றது நாளுக்கு நாள் மாறும். பித்தளையில் மீன் மாதிரி செய்தது ஒரு நாள், எருமைக்கொம்புப் பிடி போட்டது மறுநாள், நல்லவாடு கிராமத்து மீன்காரர் ஒருவருக்கு இரண்டு கட்டு இலை கொடுத்து மாற்றிக்கொண்ட, தூண்டில் நரம்பு அறுக்கிற கத்தி அதற்கு மறுநாள். பிஸ்கட் டின்னுக்குள்ளேயே கிடந்தால் துருப்பிடிக்காதா? அவையும் ஊர் சுற்ற வேண்டாமா?

என் வீட்டுக்காரர் இருசப்பன் குட்டியானை வண்டி ஓட்டுகிறார். இலைக்கட்டைத் தோப்பிலிருந்து கொண்டு வருவதும் மண்டபத்துக்குக் கொண்டு போவதும் அவர் வேலை. வாய் மட்டும் சும்மா இருக்காது.

"அவனவன் பொண்டாட்டி நகை சேக்கறா. எம் பொண்டாட்டி கத்தி சேக்கறா. ராத்திரியில நான் சண்டை போட முடியுமா, சொல்லு?" என்று கடைக்கு வருகிறவர்களிடம் நியாயம் கேட்பார்.

"பகல்ல மட்டும் போட்டுக்கினு இருக்கியே, அது போதாதா?" என்பேன்.

முப்பத்தொன்றில் முப்பதை யாராவது வாங்கிப் போனால் இரண்டு நாள் அழுதுவிட்டு எழுந்துவிடுவேன். தினமும் வேலை செய்கிற அந்த ஒன்றை மட்டும் தரமாட்டேன். மரப்பிடி, கழுத்தில் இரும்பு வளையம். கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும், இடியே விழுந்தாலும் மடங்காது. பிரான்ஸ் தேசத்துக் கத்தி அது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய பூட்டுக் குவியலுக்கு அடியில் துருவேறிக் கிடந்தது.

நான் இடது கைக்காரி. செலியமேட்டில் பிறந்தேன், வீட்டில் எல்லோரும் கூலிக்கு நெல்லறுக்கப் போகிறவர்கள். பதினாலு வயதில் என் கையிலும் கருக்கரிவாளைக் கொடுத்தார்கள். அதன் பல்லெல்லாம் சோற்றாங்கைக்காரர்களுக்காக வெட்டியது. என் கையில் அது தாளை அறுக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். "கைய மாத்துடி!" என்று முதுகில் ஒன்று வைப்பார்கள். மாற்றினால் என் விரலை அறுக்கும். வரிசையில் கடைசியாக வரப்புக்கு வந்து சேருகிறவள் எப்போதும் நான்தான், சிரிப்பும் எனக்குத்தான். அப்புறம் கத்தரிக்கோல், அரிவாள்மனை, எதை எடுத்தாலும் யாரோ ஒருவர் கைக்குச் செய்ததாகவே இருந்தது.

அதனால் சந்தையில் வாங்கிய கத்தியைச் சாணைக்காரரிடம் கொடுக்கவில்லை. கல் வாங்கி நானே தீட்டினேன், தினம் அரை மணி நேரம், மூன்று மாதம். இடப்பக்கம் மட்டும் சரிவு, வலப்பக்கம் கண்ணாடி மாதிரி சப்பை. முதன்முதலில் இலைக்காம்பில் வைத்தபோது நான் நினைத்த இடத்தில் நேராக இறங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த உலகத்தில் என் கைக்கென்று ஒரு பொருள் இருக்கிறது என்றால் அது அந்தக் கத்திதான்.

அதைத்தான் கல்யாண வீட்டில் பறிகொடுத்தேன்.

மார்க்கெட் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் வள்ளிநாயகி அம்மாளின் மகன் கணேஷ்குமாருக்குக் கல்யாணம். ரயிலடிப் பக்கம் மண்டபம், எண்ணூறு இலை. நான் பந்திக் கூடத்தில் இலையை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தேன். முகூர்த்தத்துக்கு அரை மணி இருக்கும்போது வள்ளிநாயகி அம்மாள் பட்டுப்புடவை தடுக்க ஓடி வந்தார்.

"மாப்ள கைக்குக் கத்திய வூட்டுலயே வச்சிட்டு வந்துட்டோம்! யார்கிட்டயாவது நல்ல கத்தி இருக்குதா?"

எங்கள் பக்கம் மாப்பிள்ளை கையில் கத்தி இருக்க வேண்டும், அதன் முனையில் எலுமிச்சம்பழம் குத்தியிருக்க வேண்டும். காத்து கறுப்பு அண்டாமலிருக்க இரும்பு. சமையல்காரர் வெங்காயம் நறுக்கின கத்தியை நீட்டினார். அதைப் பார்த்து அந்த அம்மாளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. இடுப்பிலிருந்து என் கத்தியை எடுத்துத் துடைத்து நீட்டினேன்.

"ஐயையோ, பீச்சாங்கையாலயா நீட்டற? அதுவும் கத்திய! கையில குடுத்தா சண்டை வரும்னு தெரியாது? மேஜை மேல வை" என்றார்.

கத்தி, உப்பு, மிளகாயைக் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். தாம்பூலப் பை அடுக்கியிருந்த மேஜையில் வைத்தேன். அதற்குள் யாரோ அந்த அம்மாளைக் கூப்பிட, போய்விட்டார். பிறகு மாலைக்காரர் வந்து கத்தியை எடுத்துப் பழத்தைக் குத்திக்கொண்டு போனார். நான் குனிந்து இலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை காப்பு அவிழ்க்கும்வரை கத்தி அவரிடம் இருக்கட்டும் என்று நானும் பெருந்தன்மையாகக் கேட்காமல் வந்தேன். நாலாம் நாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கண்ணாடி பீரோ. பொம்மைகளுக்கு நடுவில், ஒரு வெல்வெட் துணியில், என் கத்தி படுத்திருந்தது.

"அம்மா, கத்திய வாங்கிக்கினு போலாம்னு வந்தேன்."

வள்ளிநாயகி அம்மாள் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவருடைய அண்ணன் தெய்வசிகாமணி வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். அவர் சொல்தா. மருமகன் கல்யாணத்துக்காக பிரான்சிலிருந்து வந்திருந்தார். அறுபத்தைந்து வயதிலும் முதுகு கம்பி மாதிரி நிற்கும்.

"எந்தக் கத்திம்மா?"

"தோ, பீரோல இருக்குதே, அது என்னுதுங்க ஐயா."

அவர் சிரித்தார். "அது நான் ரெண்டாயிரத்து எட்டுல வாங்கியாந்து என் தங்கச்சிக்குக் குடுத்த கத்தி. மாப்ள கையில அதப் பாத்ததும் எனக்கு எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா? இத்தினி வருசமா பத்திரமா வச்சிருந்திருக்கா!"

நான் வள்ளிநாயகி அம்மாளைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"அம்மா, நீங்கதானே மேஜை மேல வைக்கச் சொன்னீங்க?"

"கல்யாணக் கூட்டத்துல நான் எவ்ளோ பேருகிட்ட இன்னா இன்னா சொன்னேனோ" என்று முந்தானையைத் திருகினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று தெரிந்தது. எதற்கு மறைக்கிறார் என்றுதான் புரியவில்லை.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. குரல் தெருவரைக்கும் போயிருக்கும். தெய்வசிகாமணியும் கத்தினார்.

"பதினெட்டு வருசம் பட்டாளத்துல இருந்தவன் நான். இலைக்காரி கத்தியத் திருடினேன்றியா? நீ குடுத்தத யாராவது பாத்தாங்களா? யார் கையில குடுத்த?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். யார் கையிலும் கொடுக்கவில்லையே! மாலைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் பொய் சொல்லவில்லை. "மேஜை மேல இருந்துச்சி, எடுத்தேன். யாருதுன்னு எனக்கு இன்னாங்க தெரியும்?" என்றார். வீடியோக்காரரின் படத்தையும் பார்த்தாயிற்று. மாப்பிள்ளை இருக்கிறார், கத்தி இருக்கிறது, பழம் இருக்கிறது. நான் இல்லை. பந்திக் கூடத்துப் பக்கம் கேமரா திரும்பவே இல்லை.

"பேரு கீரு வெட்டி வச்சிருக்கியா?" என்று கேட்டார் தெய்வசிகாமணி.

"தாலியில யாராவது பேரு வெட்டுவாங்களா?" என்றேன். வந்த ஆத்திரத்துக்கு அதுதான் வாயில் வந்தது.

வெறுங்கையோடு திரும்பினேன். சாயங்காலத்துக்குள் மார்க்கெட் முழுக்கச் செய்தி. மாப்பிள்ளை கைக் கத்தியையே சொந்தம் கொண்டாடப் போனாளாம் இலைக்காரி. பூக்கடைக்காரி என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள். இருசப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"யானை வாயில போன கரும்புடி அது. வுடு. முப்பது இருக்குது இல்ல?"

"எனக்கு வேணும்."

"அவங்க சொந்தக்காரங்க வூட்டுக் கல்யாணமெல்லாம் நம்ம இலைதான். ஒரு கத்திக்காகப் பொழப்பக் கெடுத்துக்குவியா?"

"பொய்க்காரின்னு பேரு வாங்கிக்கினு எந்தப் பொழப்ப பொழைக்கறது?" என்று கேட்டேன். அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் மீன் கத்தியால் இலை வெட்டினேன். இரண்டு பக்கமும் தீட்டின கத்தி அது. காம்பில் வைத்து இழுத்தால் கை பழகிய பக்கமே போகவில்லை, கோணிக்கொண்டது. கொம்புப் பிடியை எடுத்தேன், அதுவும் கோணல். பத்து இலை கிழிந்தது. எரிச்சலில் கத்தியைத் தூக்கிப் போடப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

அடி அமிர்தம்! ஊர்க் கத்தி உன் கையில் கோணினால், உன் கத்தி ஊரான் கையில் என்ன செய்யும்?

சிரிப்பு வந்தது. தனியாக நின்று சிரிக்கிறவளை இருசப்பன் குட்டியானையிலிருந்து எட்டிப் பார்த்தார். "கத்தி போயி இப்ப புத்தியும் போச்சா?" என்றார்.

"வண்டிய எடு. போற வழியில நல்லதா ஒரு வாழைத்தண்டு வேணும்" என்றேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பாத்திரக்கடையில் நல்ல கூட்டம். வாழைத்தண்டைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு, பிஸ்கட் டின்னையும் தூக்கிக்கொண்டு கடைப்படி ஏறினேன். கல்லாவில் வள்ளிநாயகி அம்மாள். பக்கத்து நாற்காலியில் தெய்வசிகாமணி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மறுபடியுமா?" என்றார்.

"ஐயா, உங்களத் திருடன்னு நான் சொல்லல. கத்தி மாறிப்போச்சின்றேன். அது என்னுதுன்னு இங்கியே காட்டறேன். காட்ட முடியலன்னா உங்க காலத் தொட்டு மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன், மார்க்கெட்டே பாக்கட்டும்."

இருசப்பன் பின்னாலிருந்து என் புடவையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. தெய்வசிகாமணி என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபக்காரர்தான், ஆனால் நியாயத்தை விட்டு ஓடுகிறவர் இல்லை. பேப்பரை மடித்தார்.

"கணேசு, வூட்டுலருந்து கத்திய எடுத்தா."

கத்தி வந்தது. நான் தண்டின் பட்டையை உரித்து, எவர்சில்வர் தட்டில் வைத்தேன். டின்னிலிருந்து மீன் கத்தியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"முதல்ல இதால அஞ்சு வில்லை போடுங்க ஐயா. ரூபா காசு கனத்துக்கு."

போட்டார். பட்டாளத்துக் கை நடுங்கவில்லை. ஐந்தும் ஒரே கனம்.

"பாத்துக்குங்க, ஐயாவுக்கு வெட்டத் தெரியாதுன்னு அப்புறம் யாரும் சொல்லக் கூடாது" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னேன். "இப்ப பீரோ கத்தியால வெட்டுங்க. வெட்டறதுக்கு முன்னாலயே சொல்லிடறேன். கத்தி உங்களுக்கு அடங்காது, வெளிப்பக்கமா ஓடும். வில்லை மேல கனமா இருக்கும், கீழ வரவர ஒண்ணும் இருக்காது. பாதி வில்லைதான் கையில வரும்."

"கத்திக்கு கால் முளைச்சி ஓடுமா?" என்று யாரோ சொல்ல, கூட்டம் சிரித்தது. தெய்வசிகாமணியும் சிரித்துக்கொண்டே வளையத்தைத் திருப்பிப் பூட்டி, தண்டில் வைத்து அழுத்தினார்.

கத்தி ஓடியது. மேலே கனம், கீழே காற்று. முக்கால் வட்டம்தான் தட்டில் விழுந்தது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். தண்டைத் திருப்பி வைத்து இன்னொன்று போட்டார். அதுவும் ஆப்பு மாதிரி. மூன்றாவதற்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறக்கினார். கத்தி பாதியிலேயே வெளியே வந்துவிட்டது. பூக்கடைக்காரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

"எங்கிட்ட வுடுங்க" என்றேன்.

அவர் கத்தியைத் தட்டில் வைத்தார். நான் எடுத்தேன். நாலு நாளைக்கு அப்புறம் அந்த மரப்பிடி என் உள்ளங்கைக்குள் வந்தபோது, போன பிள்ளை வீடு திரும்பின மாதிரி இருந்தது. இடக்கையில் பிடித்தேன். சரக், சரக், சரக். பத்து வில்லை. பத்தும் ஒரே கனம், வெற்றிலை கனம்தான். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினேன், அந்தப் பக்கம் நின்ற இருசப்பனின் மீசை தெரிந்தது. மனுஷன் என்னைவிட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க குடு" என்று கேட்டு, கத்தியைத் தட்டில் வைக்கச் சொல்லி எடுத்தார் தெய்வசிகாமணி. கட்டைவிரல் நகத்தை ஒரு பக்கம் ஓட்டினார். மறுபக்கம் ஓட்டினார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இடப்பக்கம் மட்டும் தீட்டியிருக்கு."

"மூணு மாசம் ஐயா. நானே தீட்டினேன். என் கையி பீச்சாங்கை. ஊருல ஒரு கத்தியும் எனக்கு ஒத்து வரல, அதனால."

அவர் இன்னொரு முறை நகத்தை ஓட்டிப் பார்த்தார். பிறகு கல்லாப் பக்கம் திரும்பினார்.

"வள்ளி, நான் குடுத்த கத்தி எங்க?"

வள்ளிநாயகி அம்மாள் கல்லாவிலிருந்து எழுந்தார். "குடுத்த மூணாவது வருசமே தொலைஞ்சி போச்சிண்ணே. நீ போன்ல கேக்கறப்பெல்லாம் பத்திரமா இருக்குதுன்னே சொல்லிட்டேன். மாப்ள கையில இதப் பாத்துட்டு உங் கண்ணு கலங்குனப்போ, இல்லன்னு சொல்ல வாய் வரல." அப்புறம் என்னைப் பார்த்தார். "என் தப்புதான் அமிர்தம். எல்லார் எதிர்லயும் சொல்றேன், அது உன் கத்திதான். நாந்தான் மேஜை மேல வைக்கச் சொன்னேன்."

எனக்கு இருந்த கோபத்துக்கு அந்த அம்மாளை நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டும். நான்கையும் முதல் நாள் ராத்திரி முழுக்க மனசுக்குள் தீட்டித்தான் வைத்திருந்தேன். அவர் அழுத அழுகையில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"அடிப் பைத்தியமே, அந்தக் கத்தி அங்க பெட்டிக்கடையில கூட கிடைக்கும். அதுக்கா இத்தினி பொய்யி?" என்றார் தெய்வசிகாமணி. என் பக்கம் திரும்பினார். "சொல்தா தோத்துட்டேம்மா. மன்னிச்சிக்க."

கத்தியைத் துடைத்தார், மடக்கினார், வளையத்தைத் திருப்பினார். வழக்கப்படி என் முன்னால் தரையில் வைக்கக் குனிந்தார்.

"வைக்காதீங்க ஐயா!" என்றேன்.

குனிந்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கையில குடுத்தா சண்டை வரும்னுதான் அன்னிக்கு மேஜை மேல வச்சேன். வச்சதாலதான் இம்மாம் சண்டையும் வந்துது. இதுக்கு மேல வர்றதுக்கு இன்னா இருக்குது? இந்த வாட்டி கையில குடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

கையை நீட்டினேன். பீச்சாங்கையைத்தான் நீட்டினேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். வள்ளிநாயகி அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கையிலயே குடுண்ணே" என்றார்.

தெய்வசிகாமணி நிமிர்ந்து நின்று, இரண்டு கையாலும் கத்தியை என் இடக்கையில் வைத்தார்.

அன்று மத்தியானம் கடையில் நானூறு இலை வெட்டினேன். ஒன்றுகூடக் கோணவில்லை.